ரீவொர்க் கணக்கில் வராது

குளித்ததையெல்லாம் யாரும் எழுதி வைப்பதில்லை. இதை உங்கள் ஏட்டு கலைமணியிடம் சொன்னேன், மேடம். அவர் அதையும் எழுதிக்கொண்டார். நேற்று அவர் தயாரித்த என் வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்தேன். நான் இரண்டு டீ குடித்தது அதில் இருக்கிறது. இரண்டாவது டீயில் சர்க்கரை தூக்கல் என்று சொன்னதும் இருக்கிறது. மனிதர் கை ஓயாமல் எழுதுகிறார். எதை எழுத வேண்டும், எதை விட வேண்டும் என்பதுதான் அவருக்குப் பிடிபடவில்லை. அதனால் நானே எழுதித் தருகிறேன் என்றேன். எஸ்.ஐ. என்ற முறையில் நீங்களும் மறுக்காமல் தாளும் பேனாவும் கொடுத்தீர்கள். உங்களுக்கு நன்றி சொல்லியே தொடங்குகிறேன்.

என் பெயர் யாக்கோபு, சொந்த ஊர் மண்ணூர். ஒரகடத்தில் காருக்கு பிரேக் செய்யும் ஒரு கம்பெனியில் பல வருடம் குவாலிட்டியில் இருந்தேன். லைனில் வரும் பாகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்பேன். சரியாக இருந்தால் பச்சை ஸ்டிக்கர், இல்லாவிட்டால் சிவப்பு. சிவப்பு ஒட்டியது திரும்பிப் போகும், சரிசெய்து மறுபடி என்னிடம் வரும். அதற்கு ரீவொர்க் என்று பெயர். ஒரு பாகம் எத்தனை முறை போய்வந்தாலும் ஷிப்ட் முடிவில் அது ஒரே பாகம்தான். புதிதாகச் சேரும் பையன்கள் இதைக் கேட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். திரும்பத் திரும்பக் கை ஒடிந்ததே சார் என்பார்கள். உன் கை ஒடிந்ததை எந்தக் கம்பெனியப்பா கணக்கில் எடுக்கிறது என்று கேட்பேன். சிரித்துக்கொண்டேதான் கேட்பேன், அவர்களும் சிரித்துவிடுவார்கள்.

ஸ்கூபா எனக்குக் கம்பெனி டூரில் அறிமுகமானது. பாண்டிச்சேரியில் முதுகில் சிலிண்டரைக் கட்டிக் கடலுக்குள் இறக்கினார்கள். தண்ணீருக்கடியில் முதல் மூச்சை விட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமூடிக்குள் அழுவது அவ்வளவு வசதியான காரியம் இல்லை. ஆனாலும் விடவில்லை. ஒவ்வொரு வகுப்பாகப் படித்து, பிறருக்குச் சொல்லிக்கொடுக்கவும் மேற்பார்வை செய்யவும் தகுதி வாங்கினேன். பிறகு கம்பெனி வேலையை விட்டேன்.

டைவ் செய்கிறவர்கள் லாக்புக் என்று ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். எந்த இடம், எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம், என்ன பார்த்தோம் என்று ஒவ்வொரு டைவையும் எழுதி, மேற்பார்வையாளரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கையெழுத்து இல்லாத டைவ் நடக்காத டைவ். இதில் மக்கள் பண்ணும் அழிச்சாட்டியத்தை நீங்கள் பார்க்க வேண்டும். மோகன் என்று ஒருவர், கம்ப்யூட்டர் வேலை, என்னிடம் கற்றுக்கொள்ள வந்தார். தண்டலம் பக்கம் ஒரு கல்லூரி நீச்சல் குளத்தில் பயிற்சி. அன்றைக்கே நோட்டை நீட்டினார். பார்வைத் தூரம் என்ற இடத்தில் மிக நன்று என்று எழுதியிருந்தார். டைல்ஸ் தெரிந்ததாம். பார்த்த உயிரினம் என்ற இடத்தில் என் பெயரை எழுதியிருந்தார். நான் கையெழுத்துப் போடவில்லை. இப்படி எல்லாவற்றுக்கும் போட்டுக்கொண்டே போனால் ஒரு டைவுக்கு என்னதான் மரியாதை இருக்கும், சொல்லுங்கள்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். மண்ணூருக்குப் பின்னால் கைவிட்ட கல்குவாரி ஒன்று இருக்கிறது. மழைத்தண்ணீர் நிரம்பி, பத்து மாடிக் கட்டடத்தை உள்ளே இறக்கினாலும் மொட்டைமாடி தெரியாத ஆழம். அந்தத் தண்ணீரை மோட்டார் வைத்து ஏற்றி, டேங்கர் லாரிகளில் கம்பெனிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். அடியில் கிடக்கும் மோட்டாரின் சல்லடையைச் சாக்கும் பாலித்தீனும் அடிக்கடி அடைத்துக்கொள்ளும். மோட்டாரை மேலே தூக்குவதென்றால் கிரேன் வர வேண்டும், லாரியெல்லாம் நிற்கும். ஒரு டைவர் இறங்கிக் கையால் பிடுங்கிவிட்டால் சீக்கிரம் முடிந்துவிடும். இந்த வேலையைத்தான் நாங்கள் எடுத்துச் செய்தோம். இசக்கிபாண்டி இறங்குவான், நான் மேலே நிற்பேன்.

இசக்கிபாண்டிக்குத் தூத்துக்குடிப் பக்கம். சுங்குவார்சத்திரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் சேர வந்தவன். நாளெல்லாம் நின்று ஸ்க்ரூ முடுக்குவதற்குப் பதில் தண்ணீருக்குள் மூழ்கலாம் என்று என்னிடம் வந்துவிட்டான். அவன் மனைவி பாண்டிச்செல்வி அந்தக் கம்பெனியிலேயே தொடர்ந்தாள். ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார்கள். அவளுக்கு நைட் ஷிப்ட், இவனுக்குப் பகல் வேலை. ஒருவர் எழுந்த பாயில் மற்றவர் படுப்பார் என்று அவனைக் கேலி செய்வேன். வெட்கப்படுவான். அவனை எனக்கு ரொம்பப் பிடிக்கும். டீயை எழுதிய ஏட்டய்யா இதை எழுதாமல் விட்டுவிட்டார்.

கடலுக்குள் எண்ணெய்க் குழாய் பதிக்கும் ஒரு நிறுவனம் டைவர்களை எடுப்பதாக அவனுக்குத் தகவல் வந்தது. லாக்புக்கில் கையெழுத்தான ஆழ டைவ் ஐம்பது இருந்தால் போதும், நேராகச் சேர்த்துக்கொள்வார்கள். அது கிடைத்தால் பாண்டிச்செல்வி நைட் ஷிப்டை விட்டுவிடலாம், ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் இருவரும் தூங்கலாம், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னான். சொல்லும்போது நோட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நனையாமல் இருக்க மாவுப் பாக்கெட் உறையில் போட்டு வைத்திருப்பான்.

என் விதி ஒன்றுதான். இறங்கிப் போன வேலை முடிந்திருந்தால் அது டைவ். அடைப்பு எடுபட்டுத் தண்ணீர் வந்தால் கையெழுத்துப் போடுவேன். வரவில்லையென்றால் மறுபடி இறங்க வேண்டும். அது ரீவொர்க், கணக்கில் வராது. முதலில் அவன் இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, ஒங்ககிட்ட பச்ச ஸ்டிக்கர் வாங்கணும்னா நான் மீனாப் பொறந்திருக்கணும்" என்றான் ஒருநாள்.

"மீனா பொறந்திருந்தா வறுத்து துன்னுட்டு இருப்பேன்டா. வேலைய முடிச்சிட்டு வா, போட்றேன்" என்றேன்.

அப்படியும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து நாற்பத்தொன்பது ஆகிவிட்டது. அதன்பிறகு கோடை முழுவதும் அவன் நாற்பத்தொன்பதிலேயே நின்றான். இதை நீங்கள் துருவித் துருவிக் கேட்டீர்கள். காரணம் இல்லாமல் நான் எதையும் தள்ளவில்லை. ஒருமுறை தண்ணீர் வந்தது, ஆனால் கலங்கலாக வந்தது. ஒருமுறை கையுறையைக் கீழேயே விட்டுவிட்டு வந்தான்; உள்ளே ஒரு பொருளை விட்டுவிட்டு வந்து வேலை முடிந்தது என்றால் எப்படி? இன்னொரு முறை எல்லாம் சரியாக இருந்தது. அன்று அவன் என்னைக் கேட்காமல் பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தான். எனக்கு அது பிடிக்கவில்லை.

ஆழத்தில் மூச்சு விடும்போது காற்று உடம்புக்குள் கரைந்து சேரும். மெதுவாக மேலே வந்து, போதுமான நேரம் மேலே இருந்தால் அது தானாகக் கழியும். ஓய்வில்லாமல் அடுத்தடுத்து இறங்கினால் சேர்ந்துகொண்டே போய், குமிழியாகி நரம்பை அடைக்கும். லாக்புக் எழுதச் சொல்வதே பெரும்பாலும் இதற்காகத்தான், மீன் பெயருக்காக அல்ல. எத்தனை முறை இறங்கினான் என்பது தெரிந்தால்தான் மறுபடி இறங்கலாமா கூடாதா என்று சொல்ல முடியும். யாக்கோபுக்கு இந்த விவரம் தெரிந்திருக்கவில்லை என்று ஏட்டய்யா எனக்காக எழுதியிருக்கிறார். நல்ல மனிதர். ஆனால் எனக்குத் தெரியும். முதல் வகுப்பில் இதைத்தான் நான் சொல்லித் தருவேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. லாரிகள் வராது, குவாரியில் நாங்கள் இருவர் மட்டும். திங்கட்கிழமைக்குள் அடைப்பு எடுத்தாக வேண்டும். முதல்முறை இறங்கினான், சாக்குப் படுதா ஒன்று சல்லடையில் சுற்றியிருப்பதாகச் சொல்லி, அதை அறுக்கக் கத்தி எடுக்க மேலே வந்தான். நியாயமாகவே அது டைவ் இல்லை. இரண்டாவது முறை இறங்கி வெகுநேரம் இருந்தான். மேலே வந்தபோது படுதா முழுவதையும் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். பல் தெரியச் சிரித்தான். நான் மோட்டாரைப் போட்டுப் பார்த்துவிட்டுக் குழாயருகே நின்றுகொண்டிருந்தேன்.

"தண்ணி வர்ல இசக்கி. இன்னும் அடைச்சிக்கினு கீது" என்றேன்.

"முழுசும் எடுத்துட்டேனே அண்ணாச்சி. சல்லடய தடவிப் பாத்துட்டுல்லா வாரேன்."

"நீயே குழாயப் பாரு. சொட்டுதா?"

பார்த்தான். சொட்டவில்லை. உடனே வேறு சிலிண்டரை மாட்டிக்கொண்டு மூன்றாவது முறை இறங்கினான். அதற்கும் தண்ணீர் வரவில்லை என்றேன். பாறையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டான். கொஞ்சம் படுத்திருந்துவிட்டு இறங்கட்டுமா என்று கேட்டான். இருட்டிவிடும் என்றேன். "இதயாவது எழுதுவீங்கல்லா?" என்று கேட்டுக்கொண்டே நான்காவது முறை இறங்கினான். அதிலிருந்து வந்தவன் வெட்சூட்டைக் கழற்றும்போது இடுப்புக்குக் கீழே எறும்பு ஊர்வதாகச் சொன்னான். வண்டிவரை நடந்து வந்தான். கதவைத் திறக்கும்போது கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கொண்டுபோனேன். இது என் பக்கம் இருக்கும் நல்ல விஷயம், இதையும் கவனியுங்கள். வழியில் அவனிடம் பேசிக்கொண்டு வந்தேன்.

"டாக்டர் கேட்டா பைப்பு தூக்கும்போது புட்சிக்கிச்சின்னு சொல்லு. நாலு வாட்டி எறங்குனேன்னு எங்கியாவது எழுதிட்டாங்கன்னா அந்தக் கம்பெனிக்காரன் உன்னிய சேத்துக்க மாட்டான். உடம்பு கெட்ட டைவர்னு தள்ளிடுவான்."

அவன் தொடையைத் தேய்த்துக்கொண்டே வந்தான்.

"அம்பதாவது நாளைக்குக் காத்தால போட்டுத் தரேன். இப்ப சும்மா இரு" என்றேன்.

"சத்தியமா போடுவீங்களா அண்ணாச்சி?"

"போட்றேன்டா."

டியூட்டியில் இருந்த டாக்டர் நிலா சின்ன வயதுப் பெண். அவரைக் குறை சொல்லாதீர்கள். இசக்கியின் பனியனில் எங்கள் டைவிங் படம் இருந்ததைக் கவனித்துவிட்டு, சரியான கேள்வியைத்தான் கேட்டார்.

"இவர் டைவரா? இன்னிக்கு எத்தனை டைவ் பண்ணினார்?"

"இன்னிக்கு டைவ் எதுவும் இல்ல டாக்டர்" என்றேன்.

இசக்கி என்னைப் பார்த்தான். பிறகு டாக்டரைப் பார்த்து, பைப்பு தூக்கினேன் என்றான். லாக்புக் இருக்கிறதா என்று கேட்டார் டாக்டர். கொடுத்தேன். அன்றைய தேதியில் ஒன்றும் இல்லை. முதுகுப் பிடிப்பு என்று ஊசி போட்டுப் படுக்க வைத்தார்கள். டைவ் செய்தவன் என்று தெரிந்திருந்தால் அப்போதே சென்னைக்கு அனுப்பி, காற்றழுத்தம் ஏற்றும் அறைக்குள் படுக்க வைத்திருப்பார்கள். சீக்கிரம் செய்தால் பெரும்பாலும் எழுந்து நடப்பார்கள். என் விதிப்படி நான் டாக்டரிடம் பொய் சொல்லவில்லை; அன்று எழுதும்படியான டைவ் ஒன்றும் நடக்கவில்லை. இதைச் சொன்னபோது நீங்கள் என்னை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், மேடம். ஃபைனல் இன்ஸ்பெக்ஷனில் நானும் அப்படித்தான் பார்ப்பேன்.

காலையில் பாண்டிச்செல்வி ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, யூனிபாரத்தோடு நேரே வந்தாள். அதற்குள் அவனுக்கு இரண்டு காலும் அசையவில்லை. நான் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னதை அவளிடம் சொல்லி, நோட்டை மாவுப் பாக்கெட் உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். அவள் அதை என்னிடம் நீட்டினாள்.

"அண்ணாச்சி, அம்பதாவது போட்டுத் தாரேன்னு சொன்னியளாம். போட்டுக் குடுங்க."

பேனா இல்லை என்றேன். என் சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். எத்தனை கோபம் வந்தாலும் இந்தப் பெண் சத்தம் போட மாட்டாள். நோட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "அவிய நேத்து எத்தன தடவ எறங்குனாவ?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் இசக்கி கட்டிலிலிருந்து நான்கு விரலைக் காட்டிவிட்டான். அவள் டாக்டரிடம் ஓடினாள். சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே, நேற்றே ஏன் வரவில்லை என்று கேட்டார்களாம். இனிமேல் அவன் நடக்க மாட்டான் என்று போன வாரம் சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை. உண்மையாகவே வருத்தமாக இருந்தது.

ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். எனக்கு அந்தத் தண்ணீரைக் கண்டால் பயம். வெளியில் காது வலி என்று சொல்லிக்கொள்வேன். இரண்டு வருடத்துக்கு முன்னால் பாதி ஆழத்தில் வெளிச்சம் அற்றுப்போன இடத்தில் என் கை எனக்கே தெரியாமல் போனது. அன்றோடு நான் இறங்கவில்லை. ஊருக்கெல்லாம் டைவிங் மாஸ்டர், குவாரிக் கரையில் குடை பிடித்துக்கொண்டு நிற்பேன். சிரிக்க வேண்டுமென்றால் சிரித்துக்கொள்ளுங்கள். இசக்கி போய்விட்டால் நான்தான் இறங்க வேண்டும். இறங்கமாட்டேன் என்றால் ஊருக்குத் தெரிந்துவிடும். அவனிடம் போகாதே என்று கேட்டிருக்கலாம். பயமாக இருக்கிறது என்று சொல்லியிருந்தால் அவன் கொஞ்ச நாள் இருந்திருப்பான், அவன் அப்படிப்பட்டவன்தான். ஆனால் என்னிடம் கையெழுத்துக்குக் காத்து நிற்கிற ஒருவனிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இன்னொன்றும் எழுத வேண்டும். ஏட்டய்யா இதைக் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. தண்ணீர் வரவில்லை என்று அவனிடம் சொன்னதாக மேலே எழுதியிருக்கிறேன். அது சரி, அப்படித்தான் சொன்னேன். ஆனால் இரண்டாவது முறையே அடைப்பு முழுவதும் எடுபட்டுவிட்டது. அவன் படுதாவைச் சுருட்டிக்கொண்டு மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தபோது நான் மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் கையைத் தள்ளிக்கொண்டு வந்தது. தெளிந்த தண்ணீர், ஒரு குறையும் சொல்ல முடியாது. அவன் தலை மேலே தெரிவதற்கு முன்னால் மோட்டாரை நிறுத்திவிட்டு, குழாயின் கேட் வால்வை இறுக மூடினேன். நன்றாகச் சுற்றி மூடினேன். அதற்குப் பிறகுதான் மோட்டாரை மறுபடி ஓடவிட்டு, அவனை அழைத்துக் குழாயைப் பார்க்கச் சொன்னேன். வால்வு இருக்கும் பக்கம் நான் நின்றுகொண்டேன். மூன்றாவது முறையும் நான்காவது முறையும் அவன் அங்கே இருட்டில் சுத்தமான சல்லடையைத்தான் தடவிக்கொண்டிருந்தான்.

இசக்கியின் நோட்டு உங்கள் மேசையில் இருக்கிறது என்று தெரியும். அதைக் கொஞ்சம் கொடுங்கள். அந்த இரண்டாவது டைவ் சுத்தமான டைவ். அதை ஐம்பதாவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், பாண்டிச்செல்வி வந்தால் கொடுத்துவிடுங்கள். அதன்பிறகு இறங்கிய இரண்டையும் சேர்க்க முடியாது, வேலை முடிந்த பின்னால் இறங்குவது டைவ் ஆகாது. ஒருவனுக்குச் சேர வேண்டியதை நான் ஒருநாளும் பிடித்து வைத்ததில்லை, மேடம்.